தண்ணீர் இருக்கிறது, மடை யார் கையில்?

தமிழ்நாட்டில் கோடை முற்றிக் கிணறுகள் வற்றும்போதெல்லாம் நம் பத்திரிகைகளுக்கு இஸ்ரேல் நினைவு வந்துவிடும். பாலைவனத்தைச் சோலையாக்கிய நாடு என்று ஒரு கட்டுரை வரும். சொட்டு நீர்க் குழாயின் படம் வரும். கூடவே நம் ஊர் விவசாயிக்குப் புத்திமதியும் வரும். திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிக்கும், கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் மலர்ச் சாகுபடிக்கும் இந்திய - இஸ்ரேல் கூட்டுறவில் மையங்களே நடக்கின்றன. சொட்டு நீர்ப் பாசனம் நல்ல முறைதான். அதை நாம் குறை கூறவில்லை. கழிவு நீரைச் சுத்திகரித்துப் பெரும்பகுதியை வயலுக்குத் திருப்புவதிலும், கடல் நீரைக் குடிநீராக்குவதிலும் அந்நாடு முன்னே நிற்பது உண்மை.

ஆனால் அதே நாட்டின் இராணுவம் 1967 முதல் ஆண்டுவரும் மேற்குக் கரையில், மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பாலஸ்தீன உழவனின் வாய்க்கால் என்ன கதியில் இருக்கிறது என்பதை அந்தக் கட்டுரைகள் சொல்வதில்லை. நம் வாசகர்களில் பலர் காவிரிக் கடைமடையிலும் தாமிரபரணிக் கரையிலும் வைகை வறண்ட ஊர்களிலும் பிறந்து, பிழைப்புக்காக இந்த நகரங்களுக்கு வந்தவர்கள். தலைமடைக்காரன் அடைத்தால் கடைமடைக்காரன் என்ன ஆவான் என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எனவே இந்த இதழில் ஃபாரா பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுகிறோம். எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

நாப்ளஸ் நகரம் மேற்குக் கரையின் வடபகுதியில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அதன் கிழக்குப் புறத்திலிருந்தும் வடக்கே தூபாஸ் மலைகளிலிருந்தும் இறங்கும் நீர் சேர்ந்து தென்கிழக்கே ஓடி ஜோர்டான் நதியை அடைகிறது. இந்த ஓடைக்குத்தான் வாதி அல் ஃபாரா என்று பெயர். 'வாதி' என்றால் அரபியில் பள்ளத்தாக்கு. மழைக்கு ஓடும் காட்டாற்றையும் அப்படியே சொல்வார்கள். சுமார் 330 சதுரக் கிலோமீட்டர் பரப்பின் மழை நீர் இதில் வடிகிறது. உச்சியிலுள்ள மலைகள் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர். ஆறு சேரும் இடமோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 350 மீட்டர். மேலே ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் அடியில் 150 மில்லிமீட்டர்கூடத் தேறாது. குளிர்ந்த மலையில் விழும் மழை சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் இறங்கி, சரிவில் ஊற்றுகளாக வெளிவருகிறது. பாதான், ஃபாரா, மிஸ்கா, ஷிப்லி என்று ஊற்றுக்கு ஊற்று பெயர் உண்டு. பாதான் ஊற்றுப் பக்கம் மக்கள் வெயில் காலத்தில் குடும்பத்தோடு வந்து குளித்துப் போவார்கள். நமக்குக் குற்றாலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாமே.

வற்றாத நீரும் பனி விழாத வெப்பமும் ஒரே இடத்தில் கூடினால் அங்கே பயிருக்கு என்ன குறை? இந்த ஊற்றுகளில் ஒன்றின் அருகேயுள்ள தெல் எல் ஃபாரா என்ற மேட்டை 1946 முதல் 1960 வரை பிரெஞ்சு ஆய்வாளர் ரோலான் த வோ தோண்டிப் பார்த்தபோது, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய மதில் சூழ்ந்த ஊரைக் கண்டார். அவ்வளவு காலமாக அங்கே மனிதன் குடியிருக்கிறான், தண்ணீரை நம்பி. நம் காலத்திலும் வெள்ளரி, தக்காளி, கத்தரி என்று காய்கறியும், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களும் அந்தப் பள்ளத்தாக்கின் செல்வமாக இருந்தன. ஊற்று நீரை வாய்க்காலில் விட்டு, இன்ன நாள் இன்ன குடும்பத்துக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சினார்கள். நம் கிராமங்களில் நீர்க்கட்டி மண்வெட்டியோடு நின்று முறை மாற்றிவிடுவானே, அதே ஒழுங்குதான்.

1967 ஜூன் போரில் மேற்குக் கரை இஸ்ரேலிய இராணுவத்தின் கைக்குப் போயிற்று. துப்பாக்கிச் சூடு நின்று இரண்டு மாதம் ஆனதும், ஆகஸ்டில், 92ஆம் எண் இராணுவ ஆணை வந்தது: தண்ணீர் சம்பந்தப்பட்ட அதிகாரம் அனைத்தும் இராணுவத் தளபதிக்கே. அதே ஆண்டு நவம்பரில் 158ஆம் ஆணை: அனுமதிச் சீட்டு இல்லாமல் கிணறோ, பம்போ, வேறு நீர்க் கட்டுமானமோ யாரும் அமைக்கக் கூடாது. நதியோரம் மூடிய இராணுவப் பகுதியாயிற்று. அதற்கு முன் ஜோர்டான் நதியில் பம்பு வைத்து இறைத்துக்கொண்டிருந்த உழவர்கள் அதற்குப் பிறகு ஆற்றங்கரையை மிதிக்க முடியவில்லை. 1982இல் மேற்குக் கரையின் நீர் அமைப்புகள் இஸ்ரேல் அரசின் தண்ணீர் நிறுவனமான மெகோரோட்டின் பொறுப்புக்கு மாறின.

காகிதத்தில் பார்த்தால் இவை சாதாரண நிர்வாக உத்தரவுகள். தரைக்கு அடியில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். பாலஸ்தீனக் கிணறுகளில் பெரும்பாலானவை 1967க்கு முன் தோண்டியவை; ஆழம் குறைந்தவை. அவற்றை ஆழப்படுத்தவும், பழுதான கிணற்றுக்குப் பதில் வேறு போடவும் சீட்டு வேண்டும். சீட்டு கிடைப்பது குதிரைக் கொம்பு. பக்கத்திலேயே குடியேற்றங்களுக்காக மெகோரோட் பல நூறு மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுச் சக்தி வாய்ந்த பம்புகளை இறக்கிற்று. ஆழமான ஆழ்துளை இழுத்தால் மேலே உள்ள நீர்மட்டம் தாழும். ஆழமற்ற கிணறு காயும், ஊற்று மெலியும். நம் பக்கத்திலும் பெரிய மிராசு ஒருவர் போர்வெல் போட்டதும் அண்டை வயல் கிணறு காய்ந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. ஜெரிகோவுக்கு வடக்கே அல் அவுஜா ஊற்று, ஆண்டு முழுதும் ஓடியது போய், வருடத்தில் பல மாதம் வறண்டு கிடக்கும் நிலைக்கு வந்தது. பள்ளத்தாக்கின் வடமுனையில் பர்தலா ஊரின் கிணறுகளும் ஊற்றும் மெகோரோட்டின் ஆழ்துளைகளுக்குப் பின் போயின. போன தண்ணீருக்கு ஈடாக அளந்து விடும் நீரும் காலப்போக்கில் குறைந்தது. ஃபாராவின் கீழ்ப்பகுதியில் ஃபுரூஷ் பெய்த் தஜன் என்ற ஊரில் எலுமிச்சைத் தோட்டங்கள் நீரின்றிப் பட்டுப்போயின.

அந்தப் பக்கத்துக் குடியேற்றங்கள்? அர்கமான் 1968இலும் ஹம்ரா 1971இலும் பெக்காவோத் 1972இலும் வந்தன. பெக்காவோத்தை ஒட்டி அல் ஹதீதியா என்னும் இடத்தில் ஆடு மேய்க்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. மெகோரோட்டின் கிணறு அவர்கள் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. அதிலிருந்து அவர்களுக்கு ஒரு குழாய் கிடையாது. டிராக்டரில் டேங்க் கட்டி, சோதனைச் சாவடி தாண்டிப் போய், குழாய் நீரைப் போல் பல மடங்கு விலைக்கு வாங்கி வர வேண்டும். 2009இல் ஆம்னெஸ்டி நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர்தான் கிடைக்கிறது என்று கண்டிருக்கிறது. குழாயடியில் குடத்தோடு வரிசை நிற்கும் நம் தாய்மார்களுக்கு 20 லிட்டர் என்றால் எவ்வளவு என்று தெரியும்: ஒன்றரைக் குடம். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் தரும் கணக்குப்படி 2020இல் இஸ்ரேலியர் ஒருவரின் சராசரி நாள் உபயோகம் 247 லிட்டர். மேற்குக் கரைப் பாலஸ்தீனியருக்கு 82 லிட்டர். குழாய் இணைப்பே இல்லாத ஊர்களில் 26 லிட்டர். அதே அமைப்பு 2011இல் இன்னொன்றும் சொன்னது. ஜோர்டான் பள்ளத்தாக்கிலும் சாக்கடல் வடகரையிலும் உள்ள 9,400 குடியேறிகளுக்கு ஆண்டுக்கு ஒதுக்கிய நீர் ஏறக்குறைய 4.5 கோடி கன மீட்டர். மேற்குக் கரையின் 25 லட்சம் பாலஸ்தீனியர் அனைவருக்கும் கிடைத்த நீரில் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! கணக்கு எடுத்தவர்கள் இஸ்ரேலியர் என்பதை மறக்க வேண்டாம். அந்த நாட்டிலும் மனசாட்சியுள்ளோர் இருக்கிறார்கள்.

ஒப்பந்தம் போட்டார்களே, பிறகும் ஏன் இந்த நிலை என்று கேட்கலாம். 1995இல் இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தத்தின் 40ஆம் பிரிவில் மலை நீர்த்தேக்கத்தைப் பங்கு பிரித்தார்கள். இஸ்ரேலுக்கு ஆண்டுக்கு 48.3 கோடி கன மீட்டர், பாலஸ்தீனியருக்கு 11.8 கோடி. கிழக்குப் பகுதியில் இன்னும் 7.8 கோடி கன மீட்டர் எடுக்கலாம், அதைப் பாலஸ்தீனியர் வளர்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். எல்லாம் ஐந்து ஆண்டுக்கான இடைக்கால ஏற்பாடு. ஐந்து ஆண்டு முடிந்து கால் நூற்றாண்டு தாண்டியும் அந்த இடைக்காலம் முடியவில்லை. புதுக் கிணறோ குழாயோ போட இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உள்ள கூட்டுக் குழு ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 'சி' மண்டலம் என்று குறித்த, மேற்குக் கரையின் அறுபது சதவீத நிலத்திலோ அதற்கும் மேல் இராணுவ நிர்வாகத்தின் தனி அனுமதியும் வேண்டும். ஃபாராவின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் இந்த 'சி'யில்தான் வருகிறது. குடியேற்றங்களுக்கான நீர்த் திட்டங்களுக்குக் கையெழுத்துப் போட்டால்தான் நம் திட்டம் நகரும் என்ற நெருக்கடி வந்தபோது பாலஸ்தீனத் தரப்பு ஒதுங்கிக்கொண்டது. 2010 முதல் 2017 வரை குழுவே முடங்கிக் கிடந்தது. பலன் என்ன? உலக வங்கி 2009இல் தந்த அறிக்கையைப் பாருங்கள்: மேற்குக் கரையில் பாலஸ்தீனியர் தாமே எடுத்த நீர் 1999இல் 13.8 கோடி கன மீட்டர், 2007இல் 11.3 கோடி. மக்கள் பெருகினார்கள், தண்ணீர் சுருங்கிற்று. குறைந்ததை மெகோரோட்டிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தன் மலைக்கு அடியிலிருந்து இறைத்த நீரை மீட்டர் வைத்துத் தனக்கே விற்கிறான் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

இஸ்ரேல் தரப்பிலும் பதில் உண்டு. ஒப்பந்தத்தில் சொன்னதைவிட அதிகமாகவே நீர் கொடுக்கிறோம் என்கிறார்கள். பாலஸ்தீன நகரங்களின் குழாய்களில் ஏராளமாக ஒழுகுகிறது, ஜெனின் பக்கம் சீட்டில்லாத கிணறுகள் மலிந்துவிட்டன, கழிவு நீரைச் சுத்திகரிப்பதில்லை என்கிறார்கள். இவற்றில் பொய்யென்று தள்ள முடியாதவை உண்டு. முக்கியமாகக் கழிவு நீர் விஷயத்தை நாம் மறைக்க விரும்பவில்லை.

நாப்ளஸின் மேற்குப் பக்கச் சாக்கடைக்கு ஜெர்மனியின் உதவியில் 2013இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கிழக்குப் பக்கத்துச் சாக்கடை மட்டும் பல்லாண்டுகளாக அப்படியே பள்ளத்தாக்கில் இறங்கிப் பாதானின் ஊற்று நீரோடு கலந்துகொண்டிருந்தது. 1949இல் அமைந்த ஃபாரா அகதி முகாமின் கழிவும் சேர்ந்தது. குழந்தைகள் குளித்த ஓடையில் நுரையும் நாற்றமும். ஆலிவ் அறுவடை முடிந்து செக்குகள் ஓடும் மாதங்களில் கறுத்த கசடு நீர் வேறு வரும். அது கலந்த ஓடையில் உயிரினம் தங்காது. கிராமங்களில் வீட்டுக்கு வீடு கழிவுக் குழிதான். அந்தக் குழிகள் நிறைவதே இல்லை என்றுகூடச் சிலர் மகிழ்வார்களாம்! பிளவுபட்ட சுண்ணாம்புப் பாறையில் குழி எப்படி நிறையும்? எல்லாம் கீழே இறங்கி, அடிவாரத்து ஊற்றில் வெளிவரும். உரமும் பூச்சி மருந்தும் வேறு சேர்வதால் நீரில் நைட்ரேட் ஏறுகிறது. பால்குடிக் குழந்தைக்கு அது கேடு. நல்ல நீர் போதாத உழவன் இந்தக் கலப்பு நீரையே தக்காளிக்குப் பாய்ச்சுகிறான். வேறு வழி?

கோடையில் முறை வராதபோது மேல்மடைக்காரர் திருட்டுத்தனமாக வாய்க்காலை வெட்டுவதும், ஊற்றை ஒட்டிச் சிலர் பம்பு வைத்து இழுப்பதும் அங்கேயும் உண்டு. அவர்கள் கைக்கு எட்டிய அதிகாரத்திலும் பாலஸ்தீன ஆட்சியாளர்கள் செய்திருக்க வேண்டியவை இருக்கின்றன. ஆயினும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடமும் குழாய்த் தடமும் ஒரு நாட்டின் இராணுவத்திடம் அனுமதி கேட்டுப் பெற வேண்டும், அது கிடைக்கப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகும் என்றால், பழி முழுவதையும் நகராட்சியின் தலையில் போடுவது நியாயமாகாது. 2025 பிப்ரவரியில் இராணுவம் ஃபாரா முகாமில் நாள்கணக்கில் தங்கி நடத்திய நடவடிக்கையில் சாலைகளும் குடிநீர்க் குழாய்களும் சிதைந்தன. கட்டுவதற்கு ஆண்டுகள், உடைக்க ஒரு புல்டோசர். பள்ளத்தாக்கை ஒட்டிய ஹும்சாவில் 2020 நவம்பர் 3 அன்று கூடாரங்களையும் தொழுவங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் இடித்துத் தள்ளியதில் 41 குழந்தைகள் உட்பட 73 பேர் மழைக்கால வாசலில் வெட்டவெளியில் நின்றார்கள்.

ஓடை போய்ச் சேரும் ஜோர்டான் நதியின் கதையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். அதன் அடிப்பகுதியில் ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி கன மீட்டர் ஓடியது. 1964இல் இஸ்ரேல் கலிலேயக் கடலிலிருந்து தன் தேசியக் கால்வாயைத் திருப்பிற்று. ஜோர்டானும் சிரியாவும் யார்முக் ஆற்றை மறித்தன. இன்று பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை, வருவதிலும் உப்பும் கழிவும் கணிசம். நீர் வராததாலும், இரு கரையிலும் பொட்டாஷ் தொழிற்சாலைகள் நீரை ஆவியாக்குவதாலும் சாக்கடல் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் தாழ்கிறது. கரையில் திடீரென்று நிலம் உள்வாங்குகிறது. இந்தக் குற்றத்தில் மூன்று அரசுகளுக்குப் பங்கு. நதியோரம் போகவே விடாத பாலஸ்தீனியனுக்கு மட்டும் பங்கில்லை.

நாம் கடைசியில் சொல்வதாகச் சொன்ன காரணத்துக்கு வருகிறோம். தண்ணீர் போன உழவன் என்ன செய்வான்? நம் தகப்பன்மார் என்ன செய்தார்கள்? மூட்டை கட்டி ரயிலேறினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ரயிலேறக்கூட வழியில்லை. ஜிஃப்த்லிக்கிலும் அக்கம்பக்கத்திலும் பலர் தம் கண்ணெதிரே இருக்கும் குடியேற்றத்தின் பேரீச்சைத் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறார்கள். கங்காணி மூலம்தான் வேலை. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வருவது அரிது. 2015இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, ஜோர்டான் பள்ளத்தாக்குக் குடியேற்றப் பண்ணைகளில் நூற்றுக்கணக்கான பாலஸ்தீனச் சிறுவர்கள் உழைப்பதையும், சிலருக்குப் பதினோரு வயதே என்பதையும், பலருக்கு நாள் கூலி 60, 70 ஷெக்கல்தான் என்பதையும் எழுதியிருக்கிறது. அதே பண்ணைகளில் தாய்லாந்துத் தொழிலாளரும் வேலை செய்கிறார்கள்.

2023 அக்டோபருக்குப் பிறகு, இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போய்வந்த பாலஸ்தீனியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அனுமதிச் சீட்டுகள் செல்லாமல் போயின. அந்த இடத்தை நிரப்ப இந்தியாவில் ஆள் எடுத்தார்கள். 2024இன் தொடக்கத்தில் அரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் கம்பி கட்டுவோர், சென்ட்ரிங் போடுவோர், பூச்சு வேலைக்காரர் வரிசையில் நின்ற படங்களை எல்லோரும் பார்த்தோம். ஆயிரக்கணக்கில் போயும் சேர்ந்தார்கள். அந்த மார்ச்சில் வட எல்லைப் பண்ணையொன்றில் ஏவுகணை விழுந்து கேரளத் தொழிலாளி ஒருவர் இறந்தார். நம் சங்கத்துக்கும் இதைப் பற்றிக் கேட்டு வந்தவர்கள் உண்டு.

போகிறவனை நாம் பழிக்க மாட்டோம். இங்கே நாள் முழுதும் சாரத்தில் நின்றால் கிடைப்பதைவிடப் பல மடங்கு அங்கே தருவதாகச் சொல்கிறார்கள். மகளின் கல்யாணக் கடன் இருப்பவனுக்கு அரசியல் பாடம் எடுக்க நமக்கு உரிமை இல்லை. டில்லி அரசை மட்டும் கேட்போம். 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்து, 1988இல் பாலஸ்தீன நாட்டையும் அங்கீகரித்த அரசு இது. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், இந்த ஆக்கிரமிப்பு சட்ட விரோதம், அந்த நிலத்தின் இயற்கை வளங்களை, தண்ணீர் உட்பட, இஸ்ரேல் பயன்படுத்தும் விதமும் முறையல்ல என்று கருத்துரைத்தது. அதையொட்டி செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் தீர்மானம் வந்தபோது 124 நாடுகள் ஆதரித்தன. இந்தியா நடுநிலை என்று ஒதுங்கிற்று. நெதர்லாந்தின் விட்டென்ஸ் என்ற தண்ணீர் நிறுவனம் 2013 டிசம்பரிலேயே மெகோரோட்டுடன் கூட்டு வேண்டாம் என்று விலகிக்கொண்டது. ஒரு குடிநீர் நிறுவனத்துக்கு இருந்த துணிச்சல் 140 கோடி மக்களின் அரசுக்கு இல்லாமல் போனதேன்?

ரெட்டியார்சத்திரத்திலும் தளியிலும் இஸ்ரேலிய முறையைக் கற்கும் நம் இளைஞர்கள் நன்றாகக் கற்கட்டும். அங்கே வரும் வல்லுநரிடம் ஃபாராவைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கட்டும். வெளிநாட்டு வேலைக்குப் பெயர் கொடுக்க எண்ணும் தோழர்கள், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அலுவலகத்துக்கு வர வேண்டுகிறோம். தமிழில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. கூலி, வேலை நேரம், காப்பீடு இவற்றோடு, வேலையிடம் 1967 எல்லைக்கு உள்ளே இருக்கிறதா அல்லது மேற்குக் கரைக் குடியேற்றத்திலா என்பதையும் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வாருங்கள்.